முதல்ல ஊசியப் பாரு ஆத்தா

வா ஆத்தா, உக்காரு. உன் முகத்தப் பாத்தாலே தெரியுது, மிஷின் மக்கர் பண்ணுது. உன் மாப்ள அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல போட்டுவிட்டாரே, அந்த லாங் ஆர்ம் மிஷினத்தான சொல்ற? லாங் ஆர்ம்னா நீளக் கையாம். நம்ம மீமிசல்ல ஒருத்தனுக்குக் கை நீளம்னா ஸ்டேஷன்ல கூப்புட்டுல்ல விசாரிப்பாங்க!

நாப்பது வருசமா மிதி மிஷின்ல உக்காந்தவன் நான். எனக்கு மிஷின் ஒரு இடத்துல நிக்கும், துணிய நான் தள்ளுவேன். உன் வீட்ல துணி கட்டில் மாதிரி சட்டத்துல படுத்துக் கெடக்கு, மிஷின் தண்டவாளத்துல அங்குட்டும் இங்குட்டும் ஓடுது. அப்பத்தாவோட பழஞ்சேலைய மூணு அடுக்காப் போட்டுப் போர்வை தைக்கிறதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம். இருக்கட்டும். கைதான நீண்டிருக்கு, வயிறு அதே வயிறுதான். மேல ஒரு ஊசி, கீழ ஒரு பாபின்.

நேத்து நீ பாத்த வைத்தியத்தக் கேள்விப்பட்டேன். சேலைக்கு அடியில நூல் கொத்துக் கொத்தாச் சுத்துச்சு, உடனே நீ பாபின் கேஸ் திருகாணிய முடுக்குன. பல்வலின்னு வந்தவனுக்கு முட்டியில பத்துப் போட்ட மாதிரி. கீழ கொத்துனா குத்தம் மேல ஆத்தா. மேல் நூல் டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காரல, அதான் கொளகொளன்னு எறங்குது. அடிநூல் மேல வந்து எட்டிப் பாத்தா மேல் நூல் இறுக்கம், இல்ல அடிநூல் தொளதொளப்பு. பாபின் கேஸ நூலப் புடிச்சுத் தொங்கவிடு. சும்மா இருக்கணும். லேசா ஒரு சுண்டு சுண்டுனா கொஞ்சம் எறங்கி நிக்கணும். கிணத்து வாளி மாதிரி சரசரன்னு போனா மட்டும் திருகாணியத் தொடு. அதுவும் கால் சுத்துக்கு மேல வேணாம்.

டைமிங் திருகாணியிலயும் கைய வச்சியாமே? வச்சதோட நிறுத்துனியே, புண்ணியவதி! ஊசி அடிவரைக்கும் போயிட்டு ரெண்டு மில்லிமீட்டர் மேல ஏறும்போது, நூல் ஊசிக்குப் பின்னால சின்னக் கண்ணியா விரியும். அந்தக் கண்ணிக்குள்ள ஹுக்கோட மூக்கு நுழையணும். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவுல ஒரு தாளு போற இடந்தான். அத நீ செல்போன் வெளிச்சத்துல சரி பண்ணப் போறியாக்கும். பண்ணு. அறந்தாங்கி மெக்கானிக்குப் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டுன புண்ணியம் உனக்குச் சேரும்.

மிஷினக் கண்டுபுடிச்சவனுங்க சண்டைய விடவா உன் சண்டை பெருசு? நுனியில காது வச்ச ஊசியும் பூட்டுத்தையலும் சேத்து 1846-ல எலியாஸ் ஹோவ் பேட்டண்ட் வாங்குனாரு. 1851-ல சிங்கர் ஒண்ணு வாங்குனாரு. ஹோவ் கோர்ட்டுக்குப் போயி சிங்கர்கிட்டப் பணம் வாங்காம விடல. மிஷினே ஆகாதுன்னவருன்னு பேரெடுத்த காந்தி, 1924-ல தையல் மிஷினுக்கு விலக்குக் குடுத்தாரு. பொண்டாட்டி கையால தச்சுக் கஷ்டப்படுறதப் பாத்து, அந்தப் பிரியத்துல சிங்கர் செஞ்சதுன்னாரு. சிங்கருக்குக் குடும்பம் நாலஞ்சு, புள்ளைக இருபதுக்கு மேல. எந்தப் பொண்டாட்டி மேல எரக்கப்பட்டாருன்னு காந்திகிட்டக் கேக்க ஆள் இல்லாமப் போச்சு.

மிஷின் கைய எடுத்தாலே தானாக் கடலப் பாத்து நகருதுன்னு மந்திரிக்கப் போனியாமே? மந்திரிச்ச கயித்த அவுத்துட்டு கொத்தனாருகிட்ட ரசமட்டம் வாங்கி வை. மேசைக்கால் ஒண்ணு மணல்ல எறங்கியிருக்கு. சக்கரம் ஓடுற தண்டவாளத்துல பஞ்சு அப்பிக்கிட்டா கோடும் குடிகாரன் நடை மாதிரிதான் வரும். துணியையும் மத்தளமா இழுத்துக் கட்டாத. அடியிலேர்ந்து ஒரு விரல மேல தள்ளுனா, மேல இருந்து அந்த விரலப் புடிக்க வரணும். அதுக்கு மேல இறுக்குனா ஊசி வளைஞ்சு தையல் தாண்டும்.

தையல் தாண்டுது, நூல் அறுந்துக்கிட்டே இருக்குன்னியே, ஊசியப் பாத்தியா? நீ பாக்கல. நான் பாத்தேன். நம்ம வீட்டு மிஷின் ஊசிக்குத் தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும், தப்பாப் போடுறது செரமம். உன் ஊசிக்கு உருண்டைத் தண்டு, எப்படிச் சொருகுனாலும் ஏறும். காதுக்கு மேல ஒரு பக்கம் குழிஞ்சிருக்கே, அது ஹுக்கப் பாத்து நிக்கணும். நீளக் கோடு நூல் நுழையிற பக்கம் இருக்கணும். நீ போட்டிருந்த ஊசியில குழி உன்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. மூணு அடுக்குச் சேலைக்கும் நடுப் பஞ்சுக்கும் 18 நம்பர் போடு. அதத்தான் டப்பாவுல 110-ன்னு போட்டிருப்பான், தண்டுக்குக் கீழ ஊசி 1.1 மில்லிமீட்டர் பருமன்.

ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாளு கோட்டைப்பட்டினம் விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்து பாக்குது. உன் மிஷினுக்கு ஒரு நாளாச்சும் உண்டா? இது உப்புக்காத்து. ஹுக்குல இருக்குற பஞ்ச வாயால ஊதாத, எச்சில் ஈரம் துருவக் கூட்டியாந்துரும். பிரஷ்ஷால தட்டு, வேலை முடிஞ்சா துணி போட்டு மூடு. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். மொத ஊசி, அப்புறம் நூலு, அப்புறம் பஞ்சு, அப்புறம் டென்ஷன். டைமிங்குக்கு நீ வர்றதுக்குள்ள நோய் போயிருக்கும்.

ஊசியத் திருப்பிப் போட்டுட்டேன், ஒரு தையல் விடாம ஓடுது. ஹுக்குல தேங்காயெண்ணெய் விட்டதும் நீதான, பிசினாட்டம் ஒட்டிக் கெடந்துச்சு, வழிச்சு எடுத்துட்டேன். நாளைக்கு வரும்போது மிஷின் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா. தேங்காயெண்ணெய நீ தலைக்கு வச்சுக்க.