மே மாத மேனேஜர்

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் காங்கேயத்து ஜெராக்ஸ் கடைகளில் இவரைப் பார்க்கலாம். லேமினேஷன் சூடு ஆறுவதற்குள் தாளை வாங்கி விசிறிக்கொண்டு நிற்பார். தேங்காய்க் களமோ அரிசி ஆலையோ எண்ணெய் மில்லோ வைத்திருப்பார். இல்லாவிட்டால் அப்படி ஒன்றில் கணக்குப் பார்ப்பார். வீட்டில் ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும். கையிலிருப்பது அவர்களுடைய கோடை விடுமுறை.

5.30 துயிலெழுதல். 6.00 யோகா. 7.00 செய்தித்தாள் வாசிப்பு (சின்னவன் படம் பார்க்கலாம்). 9.00 வாய்ப்பாடு. 10.30 படைப்பாற்றல். தண்ணீர் குடிக்கக்கூட 11.15 என்று ஒரு கட்டம். படைப்பாற்றல் என்றால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், “அதான்... க்ரியேட்டிவா ஏதாச்சும்” என்பார்.

சும்மா போட்டதில்லை, படித்துவிட்டுப் போட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் இயக்கம் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைச் சோற்றில் கைவைத்தபடி, செல்போனில் பார்த்துப் பார்த்துப் படித்துக் காட்டுவார். அந்த 180 நிமிடத்தைப் பயல் காலை இட்லி ஊட்டி முடிப்பதற்குள்ளேயே ஓடித் தீர்த்துவிடுகிறான் என்பது ஊட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

“ஏனுங்க, ‘மேற்பார்வை’ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, அது யாருங்க?”

“நீதான். நான் எட்டரைக்குக் களத்துக்குப் போகோணுமல்ல?”

முதல் நாள் ஐந்தரைக்கு மகள் எழுந்துவிட்டாள். வந்து அப்பனை உலுக்கினாள். “சித்த நேரம் இரு சாமி” என்று மேனேஜர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். யோகா அத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் அப்பத்தா யாரையும் கேட்காமல் பிள்ளைகளைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மே 4-இல் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் ஊரெல்லாம் வெயிலை வைய, கொப்பரைக்காரர்கள் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்; அந்த வெயில்தான் அவர்களுக்குச் சோறு. பத்து மணிக்குமேல் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. ஆகவே வெள்ளனப் போய், வேப்பமர நிழலில், தேங்காய் உடைக்கிறவர் பக்கத்தில் இரண்டும் குத்தவைத்து உட்கார்ந்துகொள்ளும். முளைவிட்ட காய் ஒன்று உடைபட்டால் உள்ளே வெள்ளைப் பந்தாகத் தேங்காய்ப் பூ இருக்கும். உடைக்கிறவர் கத்தி முனையால் நெம்பி எடுத்து நீட்டுவார். இந்த முறை யாருடையது என்று அடிதடி நடக்கும். படைப்பாற்றல் நேரத்தில் இரண்டு வாயும் நிறைந்திருக்கும்.

இதைவிடப் பெரிய விவகாரம் கன்றுக்குட்டி. காங்கேயம் மாட்டின் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதம் போல ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறும். இதை அப்பாரு எப்போதோ சொல்லிவைக்க, சின்னவன் தினமும் எழுந்ததும் பட்டிக்கு ஓடி, நிறம் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தான். கூப்பிடாமலே எழுந்தான், சொல்லாமலே போனான். மேனேஜருக்கு இது தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை திருத்திய அட்டவணையில் புதிதாக ஒரு வரி: ‘6.45 – இயற்கை அறிவியல் (கன்று)’. திங்கட்கிழமை, “நேரமாச்சு, கன்னுக்குட்டியப் பாக்கப் போ” என்று விரட்டினார். போகமாட்டேன் என்று பயல் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அப்பாருக்குப் பொறுக்கவில்லை. சிவன்மலைக் கோவிலில் பக்தர் கனவில் முருகன் சொல்லும் பொருளை, பூப்போட்டு உத்தரவு கேட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்; இன்னொரு பக்தர் கனவில் வேறு பொருள் வரும்வரை அதுதான் இருக்கும். “முருகனே ஒரு உத்தரவப் போட்டா அடுத்த கனவு வர்ற வரைக்கும் மாத்தறதில்லப்பா. நீ வாரத்துக்கு நாலு உத்தரவு போடற” என்றார்.

ஜூன் பிறந்தால் விட்டது என்று வீட்டம்மாக்கள் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆனால் வெயில் கடுமை என்றால் அரசாங்கமும் தேதியைத் தள்ளிவைக்கும். 2023-இல் ஆறாம் வகுப்புக்கு மேலே ஜூன் 1 என்றார்கள், அப்புறம் 7 என்றார்கள், கடைசியில் 12-இல் திறந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை 14. இப்படிச் செய்தி வந்தால் எல்லா வீட்டிலும் பெருமூச்சு. மேனேஜர் வீட்டில் மட்டும் மடிக்கணினி திறக்கும் சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டதும் மனைவி பையை எடுத்துவிடுவார். அன்றைக்குப் பொழுதோட பிள்ளைகள் இரண்டும் வெள்ளகோவிலில் அம்முச்சி வீட்டில். மேனேஜர் சளைக்கவில்லை, ‘கூடுதல் பருவம் – இறுதி’ என்று பெயரிட்டு, புதிய அட்டவணையை மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அப்போது மணி பதினொன்று. அம்முச்சி வீட்டில் இரண்டு பேரும் இன்னும் பல் விளக்கியிருக்கவில்லை.