காந்தம் ஒட்டும் கடற்கரை

கே: மாமல்லபுரத்தில் அலை வடிந்த இடமெல்லாம் கறுப்புக் கறையாகத் தெரிகிறதே, கப்பல் எண்ணெயா? (திருக்கழுக்குன்றம் வாசகி)

ப: எண்ணெய் என்றால் பிசுபிசுக்கும். இது உதறினால் உதிரும், கருமணல். சாதா மணலின் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. இதில் கிடக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவுக்கு 5.2 மடங்கு. லேசானதை அலை வாரிக்கொண்டு போகும். கனமான ஆசாமி அசையமாட்டார்!

கே: கறுப்பெல்லாம் இரும்புதானா? (மதுராந்தகம் வாசகர்)

ப: பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மணல்மேல் இழுங்கள். மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டுவது மேக்னடைட். எடையில் 72 சதவீதம் இரும்பு, மீதி ஆக்சிஜன். ஒட்டாமல் முறைக்கும் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது, இளஞ்சிவப்பு கார்னெட் என்ற கனிமம். பை முக்கியம். இல்லாவிட்டால் காந்தத்தைச் சுரண்டுவதே பிழைப்பாகிவிடும்.

கே: கடலில் எப்படி விளைந்தது? (செய்யூர் வாசகர்)

ப: விளைந்தது பாறையில். பூமிக்கடியில் உருகிய குழம்பு ஆறும்போதும், பாறை கடும் சூட்டில் உருமாறும்போதும் இரும்பும் ஆக்சிஜனும் கூடிப் படிகமாகும். பல்லாவரம் சார்னோக்கைட்டிலும் இந்தத் துகள் உண்டு; பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. மழை அரித்தது, பாலாறு சுமந்தது, கடல் சலித்தது. மூவருமே கூலி கேட்கவில்லை.

கே: சார்னோக்கைட்? பெயரே வெள்ளைக்காரத்தனமாக இருக்கிறதே! (பல்லாவரம் வாசகர்)

ப: கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு உங்கள் பக்கத்திலிருந்துதான் கல் போனது. 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். கல் நம்முடையது, பெயர் அடியில் படுத்திருப்பவருடையது.

கே: மேக்னடைட் எல்லாமே காந்தமா?

ப: காந்தம் இழுத்தால் எல்லாமே வரும். தானே ஆணியை இழுக்கும் காந்தக்கல் அபூர்வம். மின்னல் தாக்கிய கல்லுக்கே அந்தச் சக்தி வந்தது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அத்தனையும் மறந்துபோகும்.

கே: தின்றால் ரத்தம் ஊறுமா?

ப: ஊறாது. முருங்கைக்கீரை வாங்குங்கள்.

கே: தமிழ்நாட்டில் மலையாகவே உண்டாமே?

ப: சேலம் கஞ்சமலை, திருவண்ணாமலை கவுத்திமலை. 1830களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். தாது சேலத்தில், கரி காட்டில், உலை கடற்கரையில். கம்பெனி நொடிக்காமல் என்ன செய்யும்?

கே: துரு என்றாலே கேடுதானே? (கல்பாக்கம் வாசகி)

ப: உங்கள் ஊர் அணுமின் நிலையத்தைக் கேளுங்கள், அம்மா! சாதாத் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து இரும்பைத் தின்னும். மேக்னடைட் படலமோ இரும்போடு இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே உள்ளது போன்ற கனநீர் உலைகளை ஓட்டத் தொடங்கும் முன், லித்தியம் ஹைட்ராக்சைடு கலந்த வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டு, வேண்டுமென்றே இந்தப் படலத்தை வளர்க்கிறார்கள். கதவுக் கீலில் துரு எமன். உலைக் குழாயில் மேக்னடைட் கவசம். போட்டோகாப்பி டோனரிலும் நிலக்கரி கழுவும் தொட்டியிலும்கூட இதே ஆள்தான்.

கே: வீட்டுக்கு ஒரு மூட்டை அள்ளி வரலாமா? (கேளம்பாக்கம் வாசகர்)

ப: வேண்டாம் தம்பி. தென்மாவட்டங்களில் கனிம மணலை லாரி லாரியாக அள்ளியதால்தான் 2013இல் அரசு தடை போட்டது. மணல்தான் கரைக்குக் காவல். பங்குனி ஆமை முட்டையிடுவதும் அதில்தான். காந்தத்தை எடுத்துப் போங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஒட்டியதை அங்கேயே உதறிவிட்டு வாருங்கள்.