காலிக் கட்டத்தில் பூஜ்ஜியம் போடாதீர்கள்

கேள்வி: கிட் வைத்து ஊர்த் தண்ணீரைச் சோதித்து எக்செல்லில் ஏற்றுகிறோம். தப்பு இருந்தால் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமா?
– மகளிர் குழு உறுப்பினர், தீர்த்தமலை

பதில்: எது தப்பு என்று நீங்கள் முதலில் சொல்லிக் கொடுத்தால் சொல்லும். பி.எச். அளவு 0 முதல் 14க்குள். தேதி இன்றையதைத் தாண்டக் கூடாது. ஒரே போர்வெல் ஒரே நாளில் இரண்டு வரியில் வரக் கூடாது. இப்படி ஒருமுறை எழுதி வைத்தால் போதும். ஓப்பன் நாலெட்ஜ் ஃபவுண்டேஷனின் 'ஃப்ரிக்‌ஷன்லெஸ்' போன்ற இலவச மென்பொருள், எந்த வரியில் எந்தக் கட்டம் தப்பு என்று ஒவ்வொரு முறையும் காட்டிக் கொடுக்கும்.

கேள்வி: சோதனை மருந்து தீர்ந்துபோன அன்று ஃப்ளோரைடு கட்டத்தைக் காலியாக விடுவதா, 0 போடுவதா?
– அதே குழுவில் இன்னொருவர்

பதில்: காலியாக விடுங்கள், தயவுசெய்து. தருமபுரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமே இல்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. நீங்கள் போடும் 0, 'சோதித்தோம், ஃப்ளோரைடே இல்லை' என்று சாட்சி சொல்லும். சராசரி இறங்கும். ஊர் நல்ல தண்ணீர்ப் பட்டியலில் ஏறிவிடும். பல்லில் கறை விழுந்த பிள்ளைகள் அதே குழாயில் குடித்துக்கொண்டிருப்பார்கள். 0 வரம்புக்குள்தானே இருக்கிறது என்று கம்ப்யூட்டரும் விட்டுவிடும். அதனால் பக்கத்திலேயே 'காரணம்' என்று ஒரு பத்தி வையுங்கள். அளவு காலியாக இருந்தால் காரணம் எழுதாமல் வரி ஏறக் கூடாது என்பதையும் விதியாக்குங்கள்.

கேள்வி: 1.5 என்பது 15 என்று பதிவாகியிருக்கிறது. வரியையே அழித்துவிடலாமா?
– அரூர் வாசகர்

பதில்: கூடாது. கொடி காட்டி நிறுத்துங்கள், அந்தக் குழாய்க்கே போய் மறுபடி சோதியுங்கள். உண்மையிலேயே 15 இருந்துவிட்டால்?

கேள்வி: மக்கள்தொகைப் பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாக மாற்றியதும் எல்லாம் இடம் மாறிவிட்டதே!
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: காற்புள்ளியின் வேலை. 2011இல் நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. மேற்கோள் குறி இல்லாமல் சேமித்தால் அது 15, 06, 843 என்று மூன்று கட்டங்களாக உடையும். 'ஒவ்வொரு வரியிலும் இத்தனை கட்டம்' என்ற விதி இதை உடனே பிடித்துவிடும்.

கேள்வி: 2001இல் 28 லட்சத்துக்கு மேல், 2011இல் 15 லட்சம். கம்ப்யூட்டர் அலறுகிறது. எதைத் திருத்துவது?
– அதே மாணவி

பதில்: எதையும் திருத்தாதீர்கள், இரண்டுமே சரி. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அலறியதும் நல்லதுதான், இல்லையென்றால் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதியிருப்பார்கள்.

கேள்வி: ஒரே ஒரு விதிதான் போட முடியும் என்றால் எதைப் போடுவீர்கள்?
– பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்

பதில்: அனுப்பிய வரி எத்தனை, வந்து சேர்ந்த வரி எத்தனை? 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தள்ளிப்போனது.