61ஆம் நாள்

புக்கிட் தெங்காவில் நாம் இன்னும் பின்தங்கித்தான் கிடக்கிறோம். ஆபத்தென்றால் 999, அவ்வளவே. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் எவ்வளவு பொறுப்பானது! அவசரமில்லாத ஆம்புலன்ஸா? மருத்துவர் சான்று தரவேண்டும். கால் வெட்டப்பட்டு, டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை படுத்தபடியே போகிறவர் என்றால், அந்தச் சான்றுக்கு 60 நாள்தான் ஆயுள். நியாயம்தானே? வெட்டிய கால் 61ஆம் நாள் முளைத்துவிட்டால் அரசுப் பணம் என்னாவது?

திடீர்ப் பயணத்துக்குக் கொஞ்சம் தாராளம். பராமரிப்பு இல்லத்தில் மருத்துவர் கவனிப்பில் இருக்கும் நோயாளிக்கு, பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் கையெழுத்து வாங்கினால் போதும். 21 நாளாகியும் மருத்துவர் அசையவில்லையா? சான்று கேட்டுப் பதிவுத்தபால் அனுப்பிய ரசீதைக் காட்டலாம். தபால்காரருக்கும் வைத்தியம் தெரியும் போலிருக்கிறது.

எல்லாம் சேர்த்தாயிற்றா? அதே மெடிகேர் விதிகளில் இன்னொரு வரி உண்டு: கையெழுத்து இருப்பதால் மட்டும் பயணம் அவசியமென்று ஆகிவிடாது.