ஆயுள் உத்தரவாத அலமாரி

சென்னைக்கு அருகே குத்தம்பாக்கத்தில் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் மடியில் விழுவது பிட் நோட்டீஸ்தான். பேருந்து முனையம் வருகிறது என்றதும் மனை விளம்பரம் வந்தது; மனைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மாடுலர் கிச்சன். லோக்கல் கேபிளிலும் அதே கதை. திரையின் மேலே சீரியல் கதாநாயகி கதறி அழுவாள். கீழே 'சாஃப்ட் க்ளோஸ்' டிராயர் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

நோட்டீஸின் வாக்குறுதிகளைப் பார்த்தால் தேர்தல் அறிக்கையே கூச்சப்படும். 'ஆயுள் உத்தரவாதம்' என்பார்கள். யாருடைய ஆயுள் என்று போடமாட்டார்கள். 'வாட்டர் ப்ரூஃப்' கப்போர்டோ சிங்க்குக்கு அடியில் ஒரு மழைக்காலம் கண்டதும் ஓரம் உப்பி, மைக்கா உரிந்து, உள்ளே இருக்கும் மரத்தூளை ஊருக்குக் காட்டிவிடும்.

1996-ல் இங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ, மண்ணை அழுத்திச் செய்த கற்களால் சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் எழுப்பினார். பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். நாட்டுக்கே சேதியான ஊர். இப்போது சுவரில் எந்த நிற மைக்கா ஒட்டலாம் என்பதுதான் உள்ளூர்ச் சேதி.

நோட்டீஸைக் கசக்குமுன் ஒன்று: ஆசாரி இறக்கும் பலகையில் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றால் மரைன் பிளைவுட்; ஈரத்தைத் தாங்கும். ஐ.எஸ். 303, கூடவே 'எம்.ஆர்.' (ஓரளவே ஈரம் தாங்கும் ரகம்) என்றிருந்தால் படுக்கையறை அலமாரிக்குப் போதும். சிங்க்குக்கு அடியில் வேண்டாம்.