ஊருக்குப் போறோம், வீட்டைப் பார்த்துக்குங்க

1987-இல் பெரம்பூரில் ஒரு குடும்பம் வெளியூர் கிளம்பினால் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுக்கு வந்துவிடும். சாவி மட்டும் வராது. மீந்துபோன இட்லி மாவு, வாடத் தொடங்கிய நாலு முருங்கைக்காய், ஆவின் பால் அட்டை, நாத்தனார் வந்து கேட்டால் சொல்லவேண்டிய பொய் எல்லாம் கூடவே வரும். பூட்டு பெயருக்குத்தான். சாவி எங்கள் வீட்டில் எந்த ஆணியில் தொங்குகிறது என்பது தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ரயில்வே கார்டு. பாஸ் கிடைத்ததும் குடும்பத்தோடு காசிக்குப் புறப்பட்டார். அவர் மனைவி அம்மாவிடம் சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு உத்தரவுதான் போட்டார்: "ஞாயித்துக்கிழமை மட்டும் மறக்காம திறந்து விட்டுடுக்கா. பசங்க ஏமாந்துடும்."

டிவிக்காகத்தான். அந்த ஆண்டு ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியிருந்தது. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குத் தெருவில் பாதிப்பேர் கார்டு வீட்டுக் கூடத்தில் இருப்பார்கள். இந்தி ஒருவருக்கும் தெரியாது. கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாததால் நிகழ்ச்சியை ரத்து செய்யலாம் என்கிற யோசனை, வீட்டுக்காரர்கள் உட்பட, யாருக்கும் வரவில்லை.

அது தண்ணீர்ப் பஞ்ச ஆண்டு. ஆந்திராவோடு கிருஷ்ணா நீருக்கு 1983-லேயே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தண்ணீர் வந்து சேர 1996 ஆனது. நடுவில் இருந்த வருஷங்களை நாங்கள் அடிபம்பை நம்பி ஓட்டினோம். குழாயில் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் நடுராத்திரியில் வரும். கார்டு வீட்டில் கிளம்பும் அவசரத்தில் யாரோ கொல்லைக் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். காற்றுதான் வந்தது. காற்று வருகிற குழாயை மூடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சனி இரவு தண்ணீர் வந்தது.

ஞாயிறு காலை ராமாயணத்துக்குக் கூடிய கூட்டத்தின் முன்னால் அம்மா கதவைத் திறந்தபோது, உள்ளிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு கோரைப்பாய். அதன் பின்னால் ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் முறம், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. கொல்லையில் சாக்கடை அடைத்துக்கொள்ள, தண்ணீர் சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்து கணுக்கால் அளவு நின்றிருந்தது. இன்றைக்கு என்றால் உடனே நாலு பேர் படம் எடுப்பார்கள். அன்றைக்குப் பதறியவர் யாருமில்லை. "கொல்லையில இன்னும் வந்துக்கிட்டிருக்கு, நல்ல தண்ணி!" என்று ஒரு குரல் கேட்டதுதான் தாமதம், தெருவே குடத்துக்கு ஓடியது. கொல்லைக் குழாயடியில் வரிசை நின்றது. வரிசையில் சண்டையும் வந்தது. தரையில் நின்ற தண்ணீரையும் விடவில்லை. துணி அலச ஆகும் என்று வாளி வாளியாக மொண்டுகொண்டு போனார்கள். வீடு காய்ந்தது அப்படித்தான்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள் நின்றபடியே டிவி சுவிட்சைத் தேடினார். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்து, மெயினை அணைத்துவிட்டு வந்தார். "அந்த ராமரே கடலைத் தாண்டித்தான்யா போனாரு," என்று பெரியவர் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

சமையலறை மூலையில் அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்திருந்தது. அம்மா அதை மொட்டைமாடியில் உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைத்து முறுக்கு சுட்டுவிட்டார். காசியிலிருந்து திரும்பிய அக்காவுக்கு ஒரு டப்பா நிறைய அவருடைய அரிசியே முறுக்காகப் போனது. அவர் எங்களுக்குக் காசிக்கயிறும், ஈயம் வைத்து அடைத்த கங்கைச் செம்பும் கொடுத்தார். வெள்ளம் வந்த கதையைக் கேட்டுச் சிரித்தார். "அப்ப டிவி?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். டிவி ஸ்டாண்டின் மேல் பத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் தபால்காரர் காசியில் போட்ட பதினைந்து பைசா கார்டைக் கொண்டுவந்தார். "கொல்லைக் குழாயை மூடினோமா என்று சந்தேகமாக உள்ளது. தயவுசெய்து பார்க்கவும்." அக்காவே அதை வாங்கி எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

இப்போது நான் ஓஎம்ஆரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். எதிர்ஃபிளாட் தம்பதி மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போயிருக்கிறார்கள். சாவி தரவில்லை, அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாதாம். ஒரு எண் தந்தார்கள். கூடவே வாட்ஸாப்பில் குறிப்பேடு ஒன்றும் வந்தது. துளசிக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்பது முதல், எந்த சுவிட்சைத் தொடவே கூடாது என்பது வரை அதில் இருந்தது. மாவு, முருங்கைக்காய் எதுவும் வரவில்லை. நாத்தனாருக்கான பொய்யும் இல்லை. நாத்தனாரும் அதே குரூப்பில் இருக்கிறாராம்.

ஒருநாள் காலை காபி குடிக்குமுன் போன். "சார், கேமரா ஆஃப்லைன்னு காட்டுது. ஒரு எட்டு பாத்துடுறீங்களா?"

பார்க்கலாம்தான். கதவு வேண்டுமே. எண்ணை அழுத்தினால் பூட்டு செத்த மாதிரி இருந்தது. பேட்டரி போயிருந்தது. இதற்கும் குறிப்பேட்டில் வழி இருந்தது: பூட்டின் அடியில் இரண்டு புள்ளிகள் உண்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியை அதில் ஒட்டிப் பிடித்தபடி எண்ணை அழுத்தவேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரியை இந்தக் காலத்தில் எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள்? கடைசியில் எங்கள் குடியிருப்பு எலக்ட்ரீஷியன் தன் மல்ட்டிமீட்டரின் முதுகைத் திறந்து, அதிலிருந்த பேட்டரியைப் பெரிய மனது பண்ணிக் கொடுத்தார். ஆணியும் சாவியும் செய்த வேலைக்கு இப்போது ஒரு மல்ட்டிமீட்டர் தேவைப்படுகிறது.

உள்ளே ஒரே இருட்டு. சமையலறையில் தண்ணீர் வடிகட்டியின் குழாய் இணைப்பு கசிந்து, கீழேயிருந்த பிளக்கை நனைத்திருந்தது. "30 மில்லியாம்ப் கசிஞ்சாலே இது விழுந்துடும் சார், உசுரைக் காப்பாத்தறதுக்கு," என்று டிரிப் ஆகியிருந்த சுவிட்சைக் காட்டினார் எலக்ட்ரீஷியன். அது எப்போதோ விழுந்திருக்க வேண்டும். இன்வர்ட்டர் தன்னால் முடிந்தவரை வைஃபையையும் கேமராவையும் காப்பாற்றிவிட்டு ராத்திரி உயிரை விட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு அந்தச் சலுகை இல்லை. அதைத் திறந்தபோது, ஏன் திறந்தோம் என்று இருந்தது.

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சை மேலே தள்ளினார். வீடு மொத்தமும் விழித்துக்கொண்டது. ஏசி கூவியது. டிவி தானாக வந்து எதையோ வாங்கச் சொன்னது. மூலையிலிருந்து தரை துடைக்கும் ரோபோ கிளம்பி, நேராகச் சமையலறைக்குப் போய், அங்கிருந்த ஈரத்தைத் துளசித் தொட்டி மண்ணோடு குழைத்து, கூடம் முழுக்க வட்டவட்டமாக மெழுகியது. அதை எப்படி நிறுத்துவது என்பது மட்டும் குறிப்பேட்டில் இல்லை. எலக்ட்ரீஷியன் அதைத் துரத்திக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஒரு பெண்குரல்:

"யாருங்க அது? ஷூவோட உள்ள நிக்கிறீங்க!"

அவர் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டார். பாவம், அதுவரை உயிரோடிருக்கும் மனிதர்கள்தான் அவரைத் திட்டியிருக்கிறார்கள்.

பிறகு அந்தக் குரலின் மேற்பார்வையில் தரை துடைத்தோம். "சோஃபாவுக்கு அடியில விட்டுட்டீங்க சார்." "இடது பக்கம் சார். இல்ல, எனக்கு இடது." பெரம்பூரில் ஒரு தெருவே வீட்டுக்குள் புகுந்து புறப்பட்டதற்குக் காசியிலிருந்து வந்த ஒரே விசாரணை அந்தக் கார்டுதான். இங்கே எலக்ட்ரீஷியனின் ஒரு ஜோடி ஷூவுக்கு நியூஜெர்சியிலிருந்து நேரடி விசாரணை. ஆனாலும் அந்த அம்மாளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கே நள்ளிரவு வரை தூங்காமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நன்றியை வாயோடு விடாமல் ஸ்வீட்டும் ஆர்டர் போட்டிருந்தார்.

அது ஒன்றரை மணிக்கு என் வாசலுக்கு வந்தது.

"சார், ஓடிபி சொல்லுங்க," என்றார் டெலிவரி தம்பி.

ஓடிபி நியூஜெர்சி போனில். அங்கே மணி அதிகாலை நாலு. அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. தம்பி அடுத்த ஆர்டருக்கு நேரமாகிறது என்று நெளிந்தார். வேறு வழி தெரியாமல் எதிர்ஃபிளாட்டுக்குள் போய், கூடத்துக் கேமராவின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். ஆள் நடமாட்டம் தெரிந்தால் அங்கே அலாரம் அடிக்கும் என்று குறிப்பேட்டில் படித்திருந்தேன்.

"யாரு, யாரது?" என்று தூக்கக் கலக்கத்தில் கூரை அலறியது.

"நான்தாம்மா. ஒண்ணுமில்ல, ஸ்வீட் வந்திருக்கு."