குன்னத்தில் செடி சேகரிக்கச் சுலபமான ஆறு வழிகள்

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, அழுத்திக் காயவைத்த செடித் தொகுப்பான ஹெர்பேரியம் வைக்காவிட்டால் மதிப்பெண் கிடையாது. குன்னம் பக்கத்துக் கரிசலில் இறங்கப்போகும் தாவரவியல் பிள்ளைகள் கவனத்துக்கு:

1. சித்திரை வெயிலில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் போனால் பூவும் காயும் அகப்படும். சரியான பெயரைக் கண்டுபிடித்தே தீர வேண்டிய வம்பு வந்துவிடும். வெறும் இலைக்கு எந்தப் பெயரும் பொருந்தும்.

2. தும்பை, குப்பைமேனி போன்ற சிறு செடிகளை வேரோடு எடுக்கச் சொல்வார்கள். எதற்கு? நுனியைக் கிள்ளினால் போதும். நாயுருவிக்கு அந்தச் சிரமமும் இல்லை. காய் தானே பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு விடுதிவரை வரும்.

3. வரப்பில் குனிந்ததும் ஒரு பெரியவர் வருவார். "என்ன தம்பி, நெலம் அளக்க வந்தீங்களா?" இல்லை என்றால், "அப்போ சக்கரைக்கு மூலிகையா?" அதுவும் இல்லையென்றால், அந்தச் செடிக்கு ஊரில் என்ன பேர், ஆடு தின்னுமா, எந்தப் புண்ணுக்கு அரைத்துப் போடலாம் என்று அவரே சொல்லத் தொடங்குவார். எழுதிக்கொள்ளாதீர்கள். பாடத்திட்டத்தில் இல்லை.

4. பூவின் நிறம், செடியின் உயரம், மண், தேதி, சேகரிப்பு எண் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே குறிக்க வேண்டுமாம். காய்ந்தால் நிறம் மங்கிவிடும் என்பது காரணம். மங்கட்டும், அப்புறம் நீங்கள் வைத்ததுதான் நிறம்.

5. அழுத்தி வைத்த செடிக்குச் செய்தித்தாளைத் தினமும் மாற்றாதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரே தாளில் இரண்டு உயிரினம், லாபம்தானே?

6. 28க்கு 42 செ.மீ. அட்டையில் தைத்து, வலது கீழ் மூலையில் லேபிள் ஒட்டி, 'இடம்: பெரம்பலூர் மாவட்டம்' என்று மட்டும் போடுங்கள். ஓடை, ஏரிக்கரை என்று விவரம் எழுதினால் நாளைக்கு யாராவது தேடிப் போய்ச் சரிபார்த்துவிடுவார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய கே.எம். மத்தேயு பாதிரியார் இப்படி விவரம் எழுதியே சிக்கிக்கொண்டார். தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980களில் வெளியான அவருடைய தொகுதிகளை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் கஷ்டம் என்றால், அதே மாவட்டத்துச் சாத்தனூர்தான் வழி. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரம் அங்கே கிடக்கிறது. அதற்கு யாரும் தாள் மாற்றவில்லை, அட்டையில் தைக்கவில்லை. உங்கள் செடியையும் சேற்றில் புதைத்துவிட்டு ஒரு 12 கோடி ஆண்டு பொறுங்கள். அரியர் தேர்வுக்குத் தயாராகிவிடும்.